முட்டுக்கட்டைக்காரரின் ஹேண்ட்பிரேக்

அந்த மேட்டுத் தெருவில் வந்து முட்டுக்கட்டை வீடு எது என்று கேட்டால், கேட்டவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து பச்சை இரும்புக் கேட்டின் முன்னால் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். பட்டப்பெயர் வைத்தவன் கேலிக்குத்தான் வைத்தான். வைத்தவன் இன்றைக்கு எங்கே இருக்கிறான், வாங்கிக்கொண்டவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தால், யார் யாரைக் கேலி செய்தது என்பது தானாக விளங்கும்.

கட்டில், மெத்தை, பீரோ எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றி அந்த மேட்டில் தள்ளிக்கொண்டு போன காலத்தில் அவர் இடுப்பில் எப்போதும் ஒரு மரக்கட்டை தொங்கும். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சரிவாகச் செதுக்கிய கட்டை. மூச்சு வாங்குகிற இடத்தில் அதைக் கீழே போட்டுக் காலால் ஒரு தட்டு தட்டினால் சக்கரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பீரோவின் கண்ணாடிகூட அதிராது. மற்ற வண்டிக்காரர்கள் ரோட்டோரத்தில் கல் தேடுவார்கள். கல் கிடைப்பதற்குள் வண்டி பாதித் தெரு இறங்கிவிட்டிருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர்தான், ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் தேவைப்படவில்லை.

"ஓட்டறதுக்கு எவனும் ஓட்டுவான். நிறுத்தத் தெரியணும்" என்பார். இன்றைக்கும் சொல்கிறார், தினமும் சொல்கிறார், கேட்டவர்களிடமே திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லட்டுமே. மேட்டின் அடியில் பெரிய பலகை வைத்த கட்டில் பீரோ கடை அவருடையது. எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினாரோ, சரியாக அந்த இடத்தில்தான் மாடி வீடு கட்டினார். தரை சரிவு, கட்டிடம் நிற்காது என்று கொத்தனார் சொன்னதற்கு, "நான் நின்னேன்ல, அது நிக்கும்" என்று பதில் சொன்னவர். வீடு நிற்கிறது. கொத்தனார்தான் தொழிலை விட்டுவிட்டார்.

பட்டப்பெயருக்கு வீட்டுக்குள்ளே வேறு பொருள் உண்டு. யார் எதற்குக் கிளம்பினாலும் குறுக்கே ஒரு கேள்வி வந்து விழும். அதனால் அவர் மனைவியும் தனியாக இருக்கும்போது அந்தப் பெயரைத்தான் சொல்வாள் என்று மகள் சொல்கிறாள். அதை அவர் நம்பவில்லை.

வாசலில் மூன்று வரிசை இருக்கை வைத்த பெரிய கார் நின்றது. மனைவி, மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் ஒரே வண்டியில் போக வேண்டும், ஒருவரும் பின்னால் வாடகை வண்டியில் வரக் கூடாது என்று அவர் பார்த்துப் பார்த்து வாங்கியது. கண்ணில் புரை விழுந்ததால் டாக்டர் அவரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஓட்டத்தானே கூடாது, நிறுத்துகிற பொறுப்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்தால் முதலில் வெளியே வந்து நிற்பவர் அவர்தான்.

"மொதல்ல காலால பிரேக்க மிதி. மிதிச்சிருக்கியா? இப்ப ஹேண்ட்பிரேக்க இழு. கிணத்துல தண்ணி எறைக்கற மாதிரி வெடுக்குன்னு இழுக்காத. மெதுவா. எத்தன 'கட்' கேட்டுச்சு?"

"ஆறுப்பா."

"சரி. இப்ப கியர்ல போடு."

ஐந்தாறு 'கட்'டுக்குள் பிடித்துக்கொண்டால் வண்டி நல்ல வண்டி. அதற்கு மேலே லீவர் ஏறிக்கொண்டே போனால் கேபிள் தொய்ந்துபோயிருக்கும், இல்லாவிட்டால் பின்சக்கரத்து டிரம்முக்குள்ளே சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற ஷூ தேய்ந்திருக்கும். தினமும் இழுத்து விடாமல் போட்டுவைத்தால் கேபிள் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். வண்டியைக் கழுவி ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் ஷூ போய் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மெக்கானிக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு, அவன் உயிரை எடுத்துத் தெரிந்துகொண்டது. அந்த ஹேண்ட்பிரேக்கைப் பார்த்துக்கொண்டதில் பாதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று மகன் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னான். "நீ எங்கயும் போயிடக் கூடாதுன்னுதான் பாக்கறேன்" என்றார் இவர்.

மகனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுவான். ஹேண்ட்பிரேக் பக்கம் கையே போகாது. மருமகள் அதற்கு நேர் எதிர். மல்லுக்கு நிற்பவள் மாதிரி இரண்டு கையாலும் இழுப்பாள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர். தலைவலி மாத்திரையைக்கூட ரகசியம் சொல்வது போலக் குனிந்து கொடுப்பவர். இரைச்சலான அந்த வீட்டில் அவர் பேசியது பாதி நாள் யார் காதிலும் விழாது. ஆனால் மாமனார் சொன்ன முறைப்படியே மிதித்து, இழுத்து, 'கட்' எண்ணி, கியர் போட்டுவிட்டு இறங்குவார். முட்டுக்கட்டைக்காரருக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே மாப்பிள்ளை மேல் தனி மரியாதை.

இப்படிக் கட்டிக்காத்த ஹேண்ட்பிரேக்தான் அவரைக் கவிழ்த்தது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

மனைவியின் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். ஊரின் அந்தக் கோடியில் வீடு. அவளைப் பார்க்க எல்லோரும் கிளம்பிய காலை அது. முட்டுக்கட்டைக்காரர் வெளியே வந்து கார்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். லீவர் படுத்துக் கிடந்தது. ராத்திரி முழுக்க மேட்டைப் பார்த்து நின்ற வண்டி, வெறும் கியரில்.

அவருக்குக் கோபம் பற்றிக்கொண்டது. மகன் சாவியோடு வெளியே வந்ததுதான் தாமதம்.

"டேய், இது வண்டியா, இல்ல நீ கட்டிப்போட்ட ஆடா? கியர்ல விட்டா நிக்கும்னு எவன் சொன்னான் உனக்கு?"

"இத்தன வருஷமா நின்னுட்டுத்தானப்பா இருக்கு."

"அது நிக்கல. நான் வெளிய வந்து பாத்துட்டு இருந்தேன், அதுக்குப் பயந்து நிக்குது."

மகன் சாவியை மாப்பிள்ளையின் கையில் வைத்தான். "மச்சான், நீங்களே ஓட்டுங்க. நான் ஓட்டினா ஸ்டியரிங்கப் புடிச்சதுக்கும் திட்டு வரும்." சொல்லிவிட்டுக் கேட்டின் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். "மாப்பிள்ள, மொதல்ல ஹேண்ட்பிரேக்க இழுங்க" என்றார் மாமனார். இழுத்தார். கியரை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டிருந்ததால் கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். மாமனார் பார்த்துக்கொண்டிருந்ததால் கையை மட்டும் லீவரை விட்டு எடுக்கவில்லை. மகள் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் ஏறினாள். மனைவி நடுக்கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தாள். முட்டுக்கட்டைக்காரர் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. கேட்டருகே நின்ற மகனைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்து என்ன நடந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. வண்டி பின்னால் போனது. ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்திருந்த மனைவி விழுந்தாள். மாப்பிள்ளை காலால் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டியின் பின்பக்கம் சாக்கடைச் சுவரில் போய் இடித்து நின்றது. மனைவிக்குக் கணுக்கால் பிசகி, கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

மாப்பிள்ளை வெளிறிப்போய் இறங்கிவந்தார். "மாமா, ஹேண்ட்பிரேக்க விட்…"

"விட்டுடுச்சா? எனக்குத் தெரியும். தெரியும் எனக்கு." அவர் மகன் பக்கம் திரும்பினார். "போட்டுப் போட்டுப் பழக்கினாத்தானே அது புடிக்கும்? நீ அதத் தொடாம விட்டுவிட்டுத்தான்டா துருப்புடிச்சுக் கெடக்கு. பெத்தவளக் கொல்லப் பாத்தியே."

மாப்பிள்ளையின் வாய் இன்னொரு தரம் திறந்தது, மூடிக்கொண்டது. அத்தையைத் தூக்கப் போய்விட்டார்.

அன்றோடு மகனிடமிருந்து கார்ச் சாவி பறிபோனது. உப்புச் சப்பில்லாத காரியத்துக்கெல்லாம் அவன் மேல் எரிந்து விழுந்தார். கடையில் அவன் கட்டிலுக்கு விலை சொன்னால், "மொதல்ல அது நாலு காலும் தரையில நிக்குதான்னு பாரு" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னார். அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஹேண்ட்பிரேக் பேச்சு தொடங்கும். அவன் பாதியில் எழுந்து கை கழுவுவான்.

மனைவி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒரே வார்த்தையாகச் சொன்னாள்: "அந்த வண்டியில நான் இனிமே ஏற மாட்டேன்."

"ரிப்பேர் பண்ணிடறேன்."

"நீங்க பண்ணிப் பண்ணித்தான் இந்த லட்சணம். தெனமும் அதப் பத்தியே பேசி என் காத அறுத்தீங்க. கடைசில என் கால வாங்கிடுச்சு. அக்கா வீட்டுக்கு ஒரு வாடகை வண்டி கூப்பிடுங்க."

"வாசல்ல இவ்ளோ பெரிய வண்டிய நிறுத்திவச்சுட்டு வாடகை வண்டியா? தெருவுல என்ன நெனப்பாங்க?"

"அது நின்னாத்தானே நிறுத்தி வச்சிருக்கறதா நெனப்பாங்க?"

அவருக்குச் சுருக்கென்று குத்தியது. அக்காக்காரி தினமும் போனில் கேட்டாள், வருவதாகச் சொன்னாயே என்று. மனைவி வண்டி சரியில்லை என்று சொல்லச் சொல்ல, பக்கத்து அறையில் இருந்த முட்டுக்கட்டைக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கால் போனது, வீக்கம் வடிந்தால் வந்துவிடும். பேர் போனால்? ஊருக்கெல்லாம் நிறுத்தச் சொல்லிக்கொடுத்தவன் வீட்டு வண்டி நிற்கவில்லை.

மகன் இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தான். "வித்துடலாம்ப்பா. அம்மா ஏற மாட்டேங்கறாங்க. பசங்கள ஏத்த எனக்கும் பயமா இருக்கு. தெரிஞ்ச ஒருத்தர் ஞாயித்துக்கிழம வந்து பாக்கறேன்னு சொல்லிருக்காரு."

"எவனக் கேட்டு வரச் சொன்ன?"

"அம்மாவக் கேட்டு."

 நேரே மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார். மருமகள்தான் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் லீவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மெக்கானிக்கும் சும்மா ஆள் இல்லை. காலத்துக்கும் இவர் வண்டியைப் பார்த்து, இவர் பேச்சைக் கேட்டு, காது மரத்துப்போனவன். வண்டி பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே இவர் குரல் நுழைந்துவிட்டது.

"ஷூ மாத்தினேன்னு சொன்னியே, எதுக்கு மாத்தின, செருப்புக்கா?"

"முதலாளி, மொதல்ல இறங்குங்க. நீங்க கத்தற கத்துல என் டிரம்மெல்லாம் விரிஞ்சுடும்."

பின்சக்கரம் இரண்டையும் தூக்கிவைத்துக் கழற்றினான். டிரம்மை எடுத்துத் தூசியைத் துடைத்துக் காட்டினான். ஷூ புதுசு போல இருந்தது, பாதிகூடத் தேயவில்லை. கேபிளின் நுனியைப் பிடித்து இழுத்தான்; வழுக்கிக்கொண்டு வந்தது, விட்டதும் திரும்பிப் போனது. துரு என்று சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை. திரும்ப மாட்டிவிட்டு உள்ளே ஏறி லீவரை இழுத்தான். ஐந்தாவது 'கட்'டிலேயே கல்லாக நின்றது.

"சக்கரத்தச் சுத்துங்க பாக்கலாம்."

முட்டுக்கட்டைக்காரர் இரண்டு கையாலும் முக்கினார். அசையவில்லை. மெக்கானிக் லீவரை இறக்கினான். சக்கரம் கை பட்டதும் கிறுகிறுவென்று சுற்றியது.

"இழுத்தா புடிக்குது. விட்டா சுத்துது. இதுக்கு மேல ஒரு ஹேண்ட்பிரேக் என்ன பண்ணணும், பாட்டுப் பாடணுமா?"

"அப்ப அன்னிக்கு எப்படிடா விட்டுச்சு?"

"தானா விடற ஹேண்ட்பிரேக்க நான் பாத்ததில்ல. எவனாவது விட்டாத்தான் விடும்."

"என் வீட்ல எவன் விடுவான்?"

"அத உங்க வீட்ல போய்க் கேளுங்க. இங்க வந்து என் பேரக் கெடுக்காதீங்க. வெளிய நாலு வண்டிக்காரன் கேட்டுட்டு நிக்கறான்."

முட்டுக்கட்டைக்காரர் அதை நம்புவதாக இல்லை. தூக்கிவைத்த சக்கரம் வேறு, மேட்டில் ஆள் ஏறிய வண்டி வேறு. "ஞாயித்துக்கிழம காலையில வீட்டுக்கு வா. அந்த எடத்துல, அதே மாதிரி நிறுத்திக் காட்டு. நின்னுச்சுன்னா உன் கால்ல விழறேன். நிக்கலன்னா இந்தப் பட்டறைக்கு நான் பூட்டுப் போடறேன்."

"வரேன். கால்ல எல்லாம் விழ வேணாம், குனிஞ்சா நிமிர மாட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வண்டியைப் பார்க்க வருகிறவர் மதியத்துக்கு மேல்தான் வருவார். அதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று முட்டுக்கட்டைக்காரர் எல்லோரையும் வாசலுக்கு இறக்கினார். மேட்டைப் பார்த்து, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் கார் நின்றது. பாரத்துக்காகக் கடையிலிருந்து இரண்டு மெத்தையைக் கொண்டுவந்து நடு வரிசையில் திணித்தார். பீரோவைத் திணிக்க இடம் இல்லை, இல்லாவிட்டால் விட்டிருக்க மாட்டார். மனைவியின் நாற்காலியைக் கேட்டுக்கு வெளியே போட்டு உட்காரவைத்தார்கள். கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் பழைய மரக்கட்டையைப் பரணிலிருந்து எடுத்துவந்திருந்தார். மூலை உடைந்து, எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. மெக்கானிக் அதை வாங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு ஜாண் பின்னால் வைத்தான். வண்டி நகர்ந்தால் கட்டையில் முட்டி நிற்கும். அதற்கு மேல் போகாது.

முதலில் மெக்கானிக்கே ஏறினான். கியரை எடுத்தான், லீவரை இழுத்தான், காலைத் தூக்கி ஜன்னலில் வைத்துக் காட்டினான். வண்டி அசையவில்லை. இறங்கிவந்து வண்டியின் மூக்கில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மகனும் சேர்ந்து தள்ளினான். அசையவில்லை.

"போதுமா முதலாளி?"

முட்டுக்கட்டைக்காரருக்கு ஒரு பக்கம் மார்பு விரிந்தது, தான் வளர்த்த ஹேண்ட்பிரேக் நிற்கிறது என்று. மறுபக்கம் கோபம் இரட்டிப்பானது. நிற்கிறது என்றால் அன்றைக்கு ஏன் நிற்கவில்லை? வண்டியிலும் தப்பு இல்லை, மெக்கானிக்கிடமும் தப்பு இல்லை. தப்பு இல்லாமல் ஒருத்தி கால் வீங்குமா? ஆள் கிடைக்காத கோபம் அவரைப் போட்டுப் பிசைந்தது.

"எல்லாரும் அன்னிக்கு இருந்த எடத்துல போய் நில்லுங்க. அதே மாதிரி. மாப்பிள்ள, நீங்க ஏறுங்க. மெக்கானிக் பண்ணின மாதிரி இல்ல, அன்னிக்கு நீங்க எப்படிப் பண்ணினீங்களோ அப்படி."

மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. ஏதோ சொல்ல வந்தவர், மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மகள் கடைசி வரிசையில் ஏறினாள். மிதித்தார், இழுத்தார், கியரை எடுத்தார், எஞ்சினை ஓடவிட்டார், காலை எடுத்தார். கை லீவரில் இருந்தது. வண்டி நின்றது.

"நீ எங்க நின்ன?" மகனைப் பார்த்துக் கேட்டார்.

"கேட்டுகிட்ட."

"போய் நில்லு." போய் நின்றான். அவனை அந்த இடத்தில் பார்த்ததும் அன்றைய காலை முழுக்க அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. "அங்க நின்னுகிட்டுத்தானே சொன்ன, இத்தன வருஷமா நின்னுதுன்னு? எது நின்னுது? உனக்கு எதத்தான்டா நிறுத்தத் தெரியும்? கடையில வந்தவனயும் நிறுத்தத் தெரியல, வீட்டுல வண்டியயும் நிறுத்தத் தெரியல…"

"அப்பா, இப்ப வண்டியப் பத்திப் பேசறோமா, என்னப் பத்திப் பேசறோமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. ரெண்டயும் நான்தான் வாங்கி விட்டேன்."

தெருவில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காதைப் பொத்துவது போல ஒரு கையைத் தூக்கினாள்.

"காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா? அய்யோ, விடுங்க."

கட் என்று ஒரு சத்தம். வண்டி பின்னால் சரிந்தது. ஒரு ஜாண் தூரம் உருண்டு, மரக்கட்டையில் முட்டிக் குலுங்கி நின்றது. மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து மகள், "ஏங்க!" என்று கத்தினாள்.

 எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீவர் கீழே இருந்தது. கட்டைவிரல் இன்னும் அதன் நுனிப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். "ஏன் சார் விட்டீங்க?"

"அத்தை விடுங்கன்னாங்க" என்றார் மாப்பிள்ளை. அந்த வீட்டில் அவர் பேசியது எல்லோர் காதிலும் விழுந்தது அதுதான் முதல் தடவை.

மனைவி வாயில் கையை வைத்தாள். "நான் உங்கள சொல்லல மாப்பிள்ள. இந்த மனுஷன சொன்னேன், கத்தறத விடுங்கன்னு. அன்னிக்கும் இதத்தானே சொன்னேன்?"

"அன்னிக்கும் நான் விட்டுட்டேன் அத்தை."

மகன் மெல்ல வந்து வண்டியில் சாய்ந்து நின்றான். அவன்தான் விளக்கிச் சொன்னான். "என்னைச் சொல்லிருந்தா 'விடு'ன்னு சொல்லிருப்பாங்க. 'விடுங்க'ன்னு மரியாதையா சொன்னா ஒண்ணு உங்களுக்கு, இல்ல மச்சானுக்கு. நீங்க கத்தறத விடல. கையில புடிச்சிருந்தவரு விட்டுட்டாரு."

மாப்பிள்ளை லீவரை மறுபடி இழுத்துவிட்டு இறங்கிவந்தார். "மாமா, அன்னிக்கே சொல்ல வந்தேன். ஹேண்ட்பிரேக்க விட்டுட்டேன்னு ஆரம்பிச்சேன். நீங்க விட்டுடுச்சான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டீங்க. அப்புறம் சொன்னா, அத்தை சொல்லித்தான் விட்டேன்னு அவங்க மேல பழிய போடற மாதிரி ஆயிடும். அவங்க காலத் தூக்கி வச்சுகிட்டு உக்காந்திருக்காங்க. எப்படிச் சொல்றது?"

முட்டுக்கட்டைக்காரருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஆள் கண் முன்னால் நிற்கிறார். ஆனால் மாப்பிள்ளை. மகனாக இருந்தால் தெரு முழுக்க ஓடவிட்டிருப்பார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்த முடியுமா? மெக்கானிக்கைத் திட்டலாம் என்றால் அவன் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். மனைவியைத் திட்டலாம் என்றால் அவள் காலில் கட்டு. ஹேண்ட்பிரேக்கைத் திட்டலாம் என்றால் அதன் மேல் ஒரு குறையும் இல்லை. 

"கியரு போடாம எப்படி மாப்பிள்ள விட்டீங்க?" என்றார் கடைசியில். கேள்வி மருந்துக்கடைக் குரலில் வெளியே வந்தது.

"நீங்க கத்தினதுல எனக்குக் கியரே மறந்துபோச்சு மாமா."

மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கும் கோபம் வரும் என்பதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

"என் புள்ள ஒரு வாய் ஒழுங்கா சாப்பிட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? தொடாத பிரேக்குக்கு அவனப் போட்டு வறுத்தீங்க. மாப்பிள்ள உங்க வாய்க்குப் பயந்து மனசுல வச்சுப் புழுங்கிட்டு இருந்திருக்காரு. நான் ஒரு நல்ல வண்டிய சந்தேகப்பட்டு எங்கக்காவப் பாக்காம உக்காந்திருக்கேன். எல்லாம் எதனால? உங்க ஒருத்தர் வாய நிறுத்த ஒரு ஹேண்ட்பிரேக் இல்லாததால."

"நான் பிரேக்கப் பத்தித்தானே…"

"விடுங்க."

மாப்பிள்ளை தன்னையறியாமல் கையை உதறினார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்ல மாப்பிள்ள. இவருதான்." மனைவி மெக்கானிக்கைப் பார்த்தாள். "தம்பி, ஹேண்ட்பிரேக் நல்லா இருக்குதானே?"

"என் வீட்டு வண்டிக்குக்கூட இப்படி இல்லம்மா. முதலாளி பாத்துகிட்ட பிரேக் அது. அதுல குத்தம் சொல்ல முடியாது."

அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு முட்டுக்கட்டைக்காரரின் வயிற்றில் பாலை வார்த்தது. தலையை நிமிர்த்தி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார், கேட்டார்களா என்று. கேட்டிருப்பார்கள்.

"அப்ப வண்டிய விக்க வேணாம்" என்றாள் மனைவி மகனிடம். "அந்த ஆளுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. மெத்தையெல்லாம் இறக்கு. நான் அக்காவப் பாக்கப் போறேன், இப்பவே. நான் முன்னாடி உக்காந்துக்கறேன். வண்டிகிட்ட இவரு வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தாருன்னா நான் இறங்கிடுவேன்."

மகன் மெத்தையை இறக்கினான். முட்டுக்கட்டைக்காரர் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். பறித்துவைத்திருந்த மாற்றுச் சாவி. அதை மகனிடம் எப்படிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. திறந்தாலும் அந்த வார்த்தை அவர் வாயில் இருந்ததில்லை. "புடி" என்று வீசினார். மெத்தையைச் சுமந்து நின்ற மகனின் மார்பில் பட்டுச் சாவி தரையில் விழுந்தது.

"அதயும் விட்டுட்டான்" என்றார்.

மனைவி அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை இறுக்கிக்கொண்டார். மகன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். அவனுக்கு இன்னும் கோபம்தான். அது அத்தனை சீக்கிரம் இறங்காது என்பது அவன் மெத்தையை வாசலில் போட்ட வேகத்தில் தெரிந்தது.

எல்லோரும் ஏறினார்கள். முன்னால் மனைவி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். நடுவில் மகனும் மருமகளும் மகளும். வண்டிக்குச் சொந்தக்காரர் கடைசி வரிசையில், பேரப்பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அந்த வரிசையில் அவர் உட்காருவது அதுவே முதல் தடவை. இவ்வளவு குறுகலாக இருக்கிறதே என்று விற்றவன் மேல் ஒரு கோபம் வந்தது. மெக்கானிக் மரக்கட்டையைச் சக்கரத்தடியிலிருந்து உருவி, ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தான். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார், கியர் போட்டார், லீவரில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"போலாம், விடுங்க" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை விடவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "அத்தை, இது எனக்கா, மாமாவுக்கா?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்து அதை உறுதிசெய்துகொண்டாள்.

"உங்களுக்குத்தான்."

லீவர் இறங்கியது. வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது. எத்தனை 'கட்'டில் பிடித்திருந்தது என்று கேட்க முட்டுக்கட்டைக்காரருக்கு நாக்கு துடித்தது.